அரிக்கேன் விளக்கின் கீழே ஒரு மாப்பிள்ளைப் படம்

அந்த ஓட்டலைப் பழசாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. நான் கல் சுமக்கவில்லை, சுவர் பூசவில்லை. டைப் அடித்தேன்.

எண்பதுகளின் நடுவில் துபாயில், ஏசி பொருத்தும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கிரீக் என்று சொல்லும் கடற்கழியின் ஓரத்தில் ஒரு பழைய விடுதி பாதி இடிந்து கிடந்தது. பாய்மரப் படகுக்காரர்கள் கரையேறினால் தங்கி, காபி குடித்து, மீனும் சோறும் சாப்பிட்டுப் போன இடமாம் அது. எண்ணெய் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கட்டி ஓட்டலாக நடத்துவது என்று ஒரு அரபி முதலாளி முடிவு செய்தார். அதற்கென்றே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் கையில் பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு சுற்றினார். ஏசி வேலை எங்களுக்கு வந்தது. குளிர் வர வேண்டும், ஏசி கண்ணில் படக் கூடாது. ஓலைக் கூரைக்குள் குழாய் ஓட வேண்டும், ஓலை ஓலையாகவே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கடிதம் கடிதமாக நான்தான் அடித்தேன். ஒரு கடிதம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. கூரையில் தொங்கவிட அரிக்கேன் விளக்குகள் வந்து இறங்கின. புத்தம் புதுசு, பளபளவென்று இருந்தன. 'விளக்குகள் மிகவும் புதியவையாக உள்ளன, ஏற்க இயலாது' என்று அவற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னார் இன்ஜினியர். அனுப்பிய கடை அவற்றைப் புகையில் காட்டி, அங்கங்கே நசுக்கிக் கொண்டுவந்து தந்தபோது அவருக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஆபீசில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் அடித்துக்கொள்ளவில்லை. பெரிய மனிதர்களின் ரசனை இப்படித்தான் இருக்கும், அது எனக்குப் புரிகிறது என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமைதான் பின்னால் ஒருவனுடைய வாழ்க்கையில் போய் விழுந்தது.

அவன் எங்கள் கம்பெனியில் டக்ட் ஹெல்பர். ஏசிக் காற்று போகிற தகரக் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அந்த ஓட்டல் கூரைக்குள் ஊர்ந்து போய்க் குழாய் மாட்டியவர்களில் அவனும் ஒருவன். ராமநாதபுரம் பக்கத்துக்காரன், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், என்னை அண்ணே என்பான். துபாயில் தேரா என்ற பகுதியில் கம்பெனி கொடுத்த ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். இரண்டடுக்குக் கட்டிலில் கீழே நான், மேலே அவன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். சினிமா போஸ்டரை எழுத்துக்கூட்டி வாசிப்பான், கையால் எழுதியதை வாசிக்க வராது. அவனுக்கு வரும் கடிதங்களை நான் வாசிப்பேன், அவன் சொல்லச் சொல்ல நான் பதில் எழுதுவேன். ரூமில் எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் அவன் என்னிடம்தான் வருவான். நீங்க எழுதுனா அக்கா அழாம வாசிக்குதுண்ணே என்பான்.

தங்கைகள் இரண்டு பேரைக் கரையேற்றிவிட்டுத் தன் பக்கம் திரும்பும்போது அவனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. போன லீவில் டவுன் பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறான். கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த இவன் அக்காவிடமிருந்து குழந்தையை வாங்கி அந்தப் பெண் மடியில் வைத்துக்கொண்டாளாம். குழந்தை அவள் புடவை முழுக்க வாந்தி எடுத்துவிட்டது. அக்கா பதறிப் போக, அவள் முகம் சுளிக்காமல் முந்தானையாலேயே குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, மறுபடியும் தோளில் சாய்த்துக்கொண்டாளாம். இதை எனக்கு அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த முந்தானையின் நிறத்தில் வந்து நிறுத்துவான். ரோஸ் கலர்.

அக்கா விசாரித்ததில் பக்கத்து ஊர்ப் பெண், முறைக்கு ஒத்து வருகிற இடம். பேச்சு நடந்தது. பெண்ணின் அப்பாவும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை துபாயில் இருக்கிறான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவன் இருக்கிற இடத்தோடு சேர்த்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுத் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். அவ்வளவுதான் அவர் கேட்டது.

எங்கள் ரூமை நீங்கள் பார்த்திருந்தால் அதைப் படம் எடுக்கச் சொல்ல மாட்டீர்கள். கட்டிலுக்குக் கட்டில் கட்டிய கொடியில் எட்டுப் பேருடைய கைலியும் பனியனும் தொங்கும். அவனே ஒரு யோசனை வைத்திருந்தான். பஜாரில் ஒரு ஸ்டுடியோ. பின்னால் அருவி விழுகிற படுதா, முன்னால் ஒரு மேஜை, மேஜையில் டெலிபோன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கல்ஃபிலிருந்து ஊருக்குப் போன மாப்பிள்ளைப் படங்களில் பாதி அந்த மேஜையில் எடுத்ததுதான்.

நான் சிரித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, ரூமில் நாலு பேர் இருக்கும்போது சிரித்தேன். அருவிக்குப் பக்கத்தில் எவனாவது டெலிபோன் வைப்பானா, உன்னைப் பார்த்தால் ஆபீசர் மாதிரியா இருக்கிறது என்றெல்லாம் கேட்டேன். அவனும் கூடச் சேர்ந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். என் சட்டைப்பையில் ஒரு கூப்பன் இருந்தது, அது என்னை விடவில்லை.

ஓட்டல் திறந்ததும் வேலை செய்த கம்பெனிகளுக்கெல்லாம் ஆளுக்குச் சில கூப்பன்கள் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு பேருக்குச் சாப்பாடு. மேனேஜர் தனக்கு வந்ததில் ஒன்றை எனக்குத் தந்தார். காசு கொடுத்து அங்கே சாப்பிடுகிற நிலைமையில் நானும் இல்லை, எனக்குத் தெரிந்த யாரும் இல்லை. நான் டைப் அடித்த அந்த இடத்தில் ஒரு நாள் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை. தனியாகப் போகக் கூச்சம். அதனால், உன் போட்டோவை அங்கே எடுப்போம், துபாயிலேயே அதைவிடக் கௌரவமான இடம் கிடையாது, பெரிய பெரிய ஆட்கள்தான் அங்கே வந்து சாப்பிடுவார்கள் என்று அவனிடம் சொன்னேன். நான் என்ன சொன்னாலும் அவனுக்குச் சரிதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டான். அவனுடைய ஷூ இல்லை, பக்கத்து ரூம்காரரிடம் கேட்டு வாங்கியது. டெர்லின் சட்டை, கூலிங்கிளாஸ், கையில் பெரிய டயல் வாட்ச். நான் என் ஜப்பான் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் நீளமாக ஒரு கார் நின்றது. அதன் பக்கத்தில் நின்று ஒன்று எடுங்களேன் என்று கேட்டான். அதெல்லாம் சில்லறைத்தனம், வா உள்ளே என்று இழுத்துக்கொண்டு போனேன்.

வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்து வழக்கமாம். பாலிஷ் போட்ட ஷூவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெறுங்காலோடு வந்தான்.

உள்ளே பட்டப்பகலில் அரிக்கேன் விளக்குகள் எரிந்தன. ஜன்னல்களை மூடி இருட்டாக்கி, அந்த இருட்டுக்கு விளக்கு ஏற்றியிருந்தார்கள். சுவர் மண் பூசியது போல மேடும் பள்ளமுமாக இருந்தது. மேலே பேரீச்ச ஓலைக் கூரை, குறுக்கே வெட்டிப் போட்ட கம்புகள். ஓரமாகக் கயிறு பின்னிய கட்டில்கள், மூலையில் மண்பானை, சுவரில் ஒரு கிழிந்த மீன்வலை. பரிமாறுகிறவர்கள் இடுப்பில் வேட்டி மாதிரி ஒன்றும் தலையில் முண்டாசுமாக, முத்துக் குளிக்கப் போகிற ஆட்கள் போல வந்து நின்றார்கள். எங்களிடம் வந்தவர் ஆலப்புழைக்காரர். நான் தமிழில் பேசியதும் முண்டாசைத் தளர்த்திக்கொண்டு, இதை நாள் முழுக்கக் கட்டியிருந்தால் தலை அரிக்கிறது என்று புலம்பினார். தரையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், நல்ல வேலையில் இருக்கிற அரபிகள். அவர்களும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தான். ஓலைக்கு நடுவே ஒரு இடுக்கு, அதற்குள்தான் அவன் மாட்டிய குழாயின் வாய் இருந்தது.

"காத்து நல்லா வருதுல்லண்ணே," என்றான். வேறு எதையும் அவன் புகழவில்லை.

சாப்பாடு வந்தது. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறு, அதன்மேல் ஆட்டுக் கறி, தனியாக முழுசாகச் சுட்ட மீன், ரொட்டி, தயிர், பேரீச்சம்பழம். அப்போதுதான் சொன்னான், கல்யாணம் கூடி வர வேண்டும் என்று ஆறு வாரமாக வெள்ளிக்கிழமை கவுச்சி தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டிருக்கிறானாம். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருந்தால் நான் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுவேனோ என்று பயந்தானாம். கறி படாத ஓரத்தில் கொஞ்சம் சோறு, தயிர், பழம், அத்தோடு அவன் நிறுத்திக்கொண்டான். இரண்டு பேர் சாப்பாட்டை நான் ஒருவனே தின்றேன். மீன் மிக நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்தது என்பதைக்கூட இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சாப்பிட்டு முடித்துப் படம் எடுத்தேன். அந்த நேரத்தில் என்னைப் பார்த்திருந்தால் நானே அந்த வெள்ளைக்கார இன்ஜினியர் என்று நினைத்திருப்பீர்கள். கூலிங்கிளாஸைக் கழற்று, இந்த இடத்துக்கு அது ஒட்டாது என்றேன். வாட்சை முழுக்கைக்குள் தள்ளிவிடச் சொன்னேன். ஆலப்புழைக்காரரிடம் கேட்டு மண்பானையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தேன். கயிற்றுக் கட்டில் படத்தில் விழ வேண்டும் என்று இரண்டடி பின்னால் போனேன். அவன் தலைக்கு நேர் மேலே அரிக்கேன் விளக்கு வரும்படி அவனைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன். வெறுங்காலைச் சம்மணம் போட்டு, கையை முட்டியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பார்ப்பது போலவே கேமராவைப் பார்த்தான்.

படம் அருமையாக வந்தது. கடிதமும் நான்தான் எழுதினேன். 'இது நான் இங்கு இருக்கும் இடத்தில் எடுத்தது' என்று ஒரு வரி சேர்த்தேன். அவன் அதைச் சொல்லச் சொல்லவில்லை. வாசித்துக் காட்டியபோது, அங்கே நாம் ஒரு வேளை சாப்பிட்டதோடு சரியே, இருக்கும் இடம் என்று போடலாமா என்று இழுத்தான். அன்றைக்கு அங்கேதானே இருந்தாய், பொய் இல்லையே என்று நான் வக்கீல் மாதிரி பேசி அவன் வாயை அடைத்தேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் டூட்டி முடிந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் என்னிடம், கடிதம் உண்டா என்று கேட்பான். வந்த அன்று கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியில் கை வைத்துக்கொண்டான். ரூமில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். நான் வழக்கம்போல முதலில் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டினேன்.

அக்கா எழுதியிருந்தாள். பெண்ணின் அப்பா போட்டோவை வாங்கிப் பார்த்தாராம். பிறகு, அஞ்சு வருஷமா வெளிநாட்டில் இருக்கிறவன் இன்னும் கூரைக்கு அடியில்தான் இருக்கிறானா என்று கேட்டாராம். மண் சுவர், கயிற்றுக் கட்டில், பானைத் தண்ணீர், கரண்டு கிடையாது, அரிக்கேன் விளக்குதான் தொங்குகிறது. காலுக்குச் செருப்புகூட இல்லை. எங்கள் ஊருக்கே கரண்டு வந்து பத்து வருஷம் ஆகிறது, நானே போன வருஷம்தான் கூரையைப் பிரித்துக் காரை வீடு கட்டினேன், என் மகளை மறுபடியும் கூரைக்குள் அனுப்புவதா என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமும் ஆகிவிட்டது.

அதோடு முடியவில்லை. நீ அங்கே இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே தம்பி, நாங்கள் இங்கே காற்றாடிக்கு அடியில் படுத்துக்கொண்டு இருக்கிறோமே, அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்று எழுதியிருந்தாள்.

நான் கட்டிலைப் படத்துக்குள் கொண்டுவந்தேன், பானையை நகர்த்தினேன், விளக்கைத் தலைக்கு மேல் கொண்டுவந்தேன். இதற்கெல்லாம் முன்னால் அவனே ஒரு அருவியையும் டெலிபோனையும் கேட்டானே. அதை எடுத்து அனுப்பியிருந்தால் தட்டு மாறியிருக்கும். அவனுக்கு அவன் ஊரைத் தெரிந்திருந்தது. எனக்கு அந்த இன்ஜினியருடைய ரசனைதான் தெரிந்திருந்தது. கூரையையும் அரிக்கேனையும் விட்டுத் தப்பித்தவர்களிடம் அதையே சீர்வரிசை மாதிரி நான் அனுப்பி வைத்திருக்கிறேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே எழுதியிருக்காக?"

உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். என் மேல் தப்பு, மன்னித்துக்கொள் என்று சொல்லியிருந்தால் அவன் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் அந்த ரூமில் நான் விஷயம் தெரிந்த ஆள். அந்த இடத்திலிருந்து இறங்க எனக்கு மனசு வரவில்லை. அவனுக்காகச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லை. எனக்காகத்தான் சொன்னேன்.

"ஜாதகம் பொருந்தலையாம்ப்பா," என்றேன்.

யாருடைய ஜாதகத்தில் கோளாறு என்று கேட்டான். பொய் சொல்லத் தொடங்கியவன் பெண் பக்கம் கை காட்டியிருக்கலாம். ஆனால் ரோஸ் முந்தானையைப் பற்றி அவனிடம் எதுவும் குறைவாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் ஜாதகம்தான், ஏதோ தோஷம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தேன். கடிதத்தைக் கேட்டுக் கை நீட்டினான். வருகிற கடிதத்தையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது அவன் வழக்கம். தோஷம் எழுதி வந்த கடிதத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதற்கும் ஒரு பொய்யைச் சொன்னேன். உடனே கையை இழுத்துக்கொண்டான். நான் பாத்ரூமுக்குப் போய் அதைக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன்.

பதில் எழுதும்போது, அது ஓட்டல், தம்பி நல்ல ரூமில் ஏசி காற்றில்தான் இருக்கிறான், அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அவனுக்குத் தெரியாமல் நான்கு வரி நுழைத்தேன். அம்மா சாப்பிட்டிருப்பாள். அதைத் தவிர அந்த வரிகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்த வருஷம் அவன் லீவில் போனான். அக்காவிடம் பேசினால் எல்லாம் வெளிப்பட்டுவிடும், திரும்பி வந்து என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்றும் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அவன் அக்காவிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கூரை வீட்டுக்காரன் என்று உன்னை வேண்டாம் என்றார்கள் என்று தம்பி முகத்தைப் பார்த்து எந்த அக்கா சொல்லுவாள்? இவனோ யாருக்கும் தெரியாமல் டிரங்குப் பெட்டியிலிருந்து ஜாதக நோட்டை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய் வெளியூர் ஜோசியர் ஒருவரிடம் காட்டியிருக்கிறான். இதில் ஒரு தோஷம் இருக்கிறதாமே, என்னவென்று பாருங்கள் என்று கேட்டிருக்கிறான். அப்படிக் கேட்டு வருகிறவனை எந்த ஜோசியர் வெறுங்கையோடு அனுப்புவார்?

திரும்பி வந்து, கொண்டுவந்த முறுக்கை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, என்னிடம் தனியாகச் சொன்னான். "ஏழுல ராகுவாம்ணே. கட்டுற பொண்ணு உசுருக்கு ஆகாதாம். நல்ல வேளை அந்தப் புள்ள தப்பிச்சிருச்சு."

அவன் குரலில் வருத்தம் இல்லை. அவள் தப்பித்துவிட்டாள் என்ற நிம்மதிதான் இருந்தது. நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஊரில் மனைவி இருந்தாள், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மாதம் இரண்டு கடிதம் வரும். அன்றிலிருந்து என் கடிதத்தை அவன் முன்னால் பிரிப்பதில்லை. என்னால் முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான் என்றால் பாருங்கள்.

அவன் வெள்ளிக்கிழமை கவுச்சி சாப்பிட ஆரம்பித்தான். சீட்டு விளையாடும் இடத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் சம்சாரத்தைப் பற்றிப் பேசும்போது சிரித்தான். சின்னத் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது ரூம் முழுக்க மிட்டாய் கொடுத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பிறகு ஒரு நாள் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. புது இடம் ஒன்று வந்திருக்கிறது, அப்பா இல்லாத பெண், தையல் வேலை பார்க்கிறாள், தம்பியின் படம்கூட வேண்டாம், பையனைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகச் சொல்கிறார்கள் என்று பெண்ணின் அம்மாவே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், நீ சரி என்று ஒரு வரி எழுது, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருந்தது. நான் ஒரு எழுத்தையும் விடாமல் வாசித்தேன். வாசிக்கும்போதே எனக்குச் சந்தோஷம் பொங்கியது. எனக்கே விடுதலை வந்த மாதிரி இருந்தது.

அவன் கேட்டு முடித்துவிட்டு, லெட்டர் பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்தான். எழுதுங்கண்ணே என்று சொல்ல ஆரம்பித்தான். அக்காவுக்கு வணக்கம், இங்கு நலம். அந்த இடம் வேண்டாம். என் ஜாதகத்தில் தோஷம் இருக்கு, அப்பா இல்லாத பிள்ளை, அதுக்கு நான் கெடுதல் செய்யக் கூடாது. இனிமேல் எனக்கு எந்த இடமும் பார்க்க வேண்டாம்.

நான் பேனாவை மூடி வைத்தேன். உன் ஜாதகத்தில் ஒன்றும் இல்லை, அது நான் சொன்ன பொய் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, மண் சுவர், விளக்கு, வெறுங்கால், பெண்ணின் அப்பா கேட்டது, அம்மா சாப்பிடாமல் கிடந்தது, பாத்ரூமில் கிழித்துப் போட்டது. சொல்லும்போது அழுதேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். ஒருவனைத் தேற்றுகிறவன் சிரிக்கிற சிரிப்பு அது.

"அந்த எடத்தப் பாத்தா வேணாம்னாக?" என்றான். "அவ்வளவு அழகான எடத்தையா? பெரிய பெரிய ஆளுக வந்து சாப்புடுற எடம்னு நீங்கதானண்ணே சொன்னீக."

ஜோசியர் சொன்னது நீ போய்க் கேட்டதால் வந்தது, நீ கேட்டது நான் சொன்னதால் என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். வேண்டுமானால் அக்காவுக்கே எழுதிக் கேள் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை தகரம் தூக்கிக் காய்த்துப் போயிருந்தது.

"எனக்கு நல்லது நடக்கணும்னு இப்பிடி ஒரு கதையக் கட்டுறீக. எனக்குத் தெரியாதாண்ணே? ஒங்களுக்குப் பொய் சொல்லவே வரல. எழுதுங்க."

அவன் பேனாவைத் திறந்து என் விரலுக்கு நடுவில் வைத்தான். வேறு விதமாக எழுதிவிடலாம், சரி என்று ஒரு வரி போட்டுவிடலாம், அவனுக்குத் தெரியப் போவதில்லை என்று கை பரபரத்தது. ஏற்கெனவே ஒரு தடவை அவன் வாழ்க்கையை நான் எழுதிப் பார்த்தாயிற்று. அன்றைக்குத்தான் முதல் முறையாக, அவன் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னான். வாசித்தேன். சரியாக இருக்கிறது என்றான்.